எதைக் கொண்டு அளக்கிறாய்?

9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள அறைக்கு எவ்வளவு தரைவிரிப்பு வேண்டும் என்று ஒரு தேர்வில் கேட்டிருந்தேன். பதினொரு பேர் 30 சதுர மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். கூட்டல் சரி. இரண்டால் பெருக்கியதும் சரி. 'சதுர' என்ற சொல்லைக்கூட ஒருவரும் விடவில்லை. அறையின் ஓரத்தைச் சுற்றி நடந்துவிட்டுத் தரையை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பதினொரு பேரையும் அழைத்து, செவ்வகத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் என்ன என்று கேட்டேன். 'நீளம் பெருக்கல் அகலம்' என்று பட்டெனப் பதில் வந்தது. ஆக, சூத்திரம் தெரியாதது சிக்கல் இல்லை. எந்த இடத்தில் எந்தச் சூத்திரம் என்பதுதான் தெரியவில்லை என்று அப்போது நினைத்தேன். அதனால் சில ஆண்டுகள், "வேலி என்று வந்தால் சுற்றளவு, விரிப்பு என்று வந்தால் பரப்பளவு" என்று சொல்லைப் பிடித்துக்கொண்டு விடை எழுதும் வழியைக் கற்றுக்கொடுத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வேலிக்கு வண்ணம் பூசும் கணக்கு ஒன்று வந்தது. வகுப்பு முழுவதும் கவிழ்ந்தது.

இன்று அளவியல் பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகைப் பக்கமே போவதில்லை. ஒரு பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டுகிறேன். 1 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய குச்சிகள், 1 சதுர செ.மீ. அட்டைத் துண்டுகள், 1 கன செ.மீ. கட்டைகள். பிறகு ஒரு காலணிப் பெட்டியைக் காட்டி, இதன் ஓரத்தை அளக்க எதை எடுப்பாய், மூடியை அளக்க எதை எடுப்பாய், உள்ளே இருக்கும் இடத்தை அளக்க எதை எடுப்பாய் என்று கேட்கிறேன். குச்சியால் மூடியை நிரப்ப முடியாது என்பது குழந்தைக்கும் தெரியும். எத்தனை குச்சிகளை அடுக்கினாலும் கோட்டுக்கு அகலம் இல்லையே! (குச்சிக்கு உண்டு. அந்த அகலம் என்னைப் பின்னால் எப்படிச் சீண்டியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.) சூத்திரம் என்பது இந்த எண்ணிக்கையைச் சீக்கிரம் முடிக்கும் வழி. ஒரு வரிசையில் எத்தனை, எத்தனை வரிசை, எத்தனை அடுக்கு. எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் சீக்கிரம் எண்ணி என்ன பயன்?

நானே வழுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. பணியில் சேர்ந்த முதல் ஆண்டு. "சுற்றளவு கூடினால் பரப்பும் கூடும்தானே டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே போனேன். மறுநாள் கட்டத்தாளில் இரண்டு செவ்வகங்கள் வரைந்து கொண்டுவந்தாள். ஒன்று 8க்கு 1: சுற்றளவு 18, பரப்பு 8. மற்றது 4க்கு 3: சுற்றளவு 14, பரப்பு 12. தாளை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். முந்தைய நாள் சொன்னது தவறு என்று வகுப்பில் எழுந்து சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இப்போது அதையே பாடமாக்கிவிட்டேன். 24 செ.மீ. சுற்றளவுள்ள நூல் வளையம் ஆளுக்கொன்று. நான்கு விரல்களில் மாட்டி விதவிதமான செவ்வகங்கள் செய்து பரப்பை எழுத வேண்டும். 11க்கு 1 என்றால் 11. 10க்கு 2 என்றால் 20. பிறகு 27, 32, 35. 6க்கு 6 என்ற சதுரத்தில் 36. நூல் ஓர் இழைகூட நீளவில்லை. உள்ளே இருக்கும் இடம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. விரல்களை ஒட்டவைத்தால் பரப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. சுற்றளவும் பரப்பளவும் வேறு வேறு என்று நான் நூறு முறை சொல்லியும் ஏறாதது இந்த நூலால் ஏறுகிறது.

அலகு மாற்றம் அடுத்த பள்ளம். 1 மீட்டருக்கு 100 செ.மீ. என்றால் 1 சதுர மீட்டருக்கு எத்தனை சதுர செ.மீ.? "நூறு!" என்று கூட்டாகக் குரல் வரும். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டர் சதுரம் வரையச் சொல்வேன். அடியோரத்தில் அட்டைத் துண்டுகளை வரிசையாக அடுக்கச் சொல்வேன். நூறு துண்டுகளும் தீர்ந்த பிறகு பார்த்தால், சதுரத்தின் காலடியில் ஒரு மெல்லிய கோடு கிடக்கும். இன்னும் தொண்ணூற்றொன்பது வரிசை. 10,000 என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன மீட்டருக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள பன்னிரண்டு கழிகளை மூலைகளில் கட்டிக் கூண்டு செய்தோம். எத்தனை பேர் நுழைய முடியும் என்று பந்தயம். நான்கு பேர், ஐந்து பேர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அதில் 10,00,000 கன செ.மீ. இருக்கிறது, 1,000 லிட்டர் கொள்ளும், தண்ணீர் நிரப்பினால் அதன் எடை ஒரு டன் என்று சொன்னபோது, உள்ளே இருந்த ஒருவன் அவசரமாக வெளியே வரப் பார்த்தான்.

வாக்கியக் கணக்குகளுக்கு வருவோம். நான் மிகவும் மதிக்கும் கணக்கு ஒன்று உண்டு. பழையது, எல்லாப் பாடநூல்களிலும் ஏதாவது ஒரு வடிவில் இருப்பது. 20 மீட்டருக்கு 15 மீட்டர் பூங்கா. அதன் வெளிப்புறம் சுற்றிலும் 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை. பாதையின் பரப்பு என்ன? பாதிப் பேர் வெளிச் செவ்வகத்தை 22க்கு 17 என்று எடுத்து 74 என்பார்கள். பாதை இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பதைப் படம் வரையாத கை மறந்துவிடும். 24க்கு 19 என்று எடுத்தவர்களுக்கு 456இல் 300 போக 156 கிடைக்கும். இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். கழிப்பதை விட்டுவிட்டுப் பாதையை நான்கு பட்டைகளாக வெட்டுவார்கள். 40, 40, 30, 30. கூட்டினால் 140. 156 எங்கே, 140 எங்கே? இந்த 16 எங்கே போனது என்று நான் சொல்வதில்லை. படத்தைக் கரும்பலகையில் விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வேன். ஒரு முறை ஆறு நிமிடம் ஆயிற்று. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "மூலைகள்!" நான்கு மூலை, ஒவ்வொன்றும் 2க்கு 2. அந்த ஆறு நிமிடத்தைப் பாடத்திட்ட அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

விடை காணுமுன் உத்தேசமாக ஒரு எண்ணை ஓரத்தில் எழுதச் சொல்வதும் என் வழக்கம். தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு 3 கன செ.மீ. என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் இதனால் குறைந்திருக்கிறார்கள். ஒழியவில்லை.

வட்டத்துக்குப் பழைய வழியே போதும். பதினாறு துண்டாக வெட்டி, தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கினால், ஓரம் சற்று நெளிந்த ஓர் இணைகரம் வரும். அடிப்பக்கம் சுற்றளவில் பாதி, உயரம் ஆரம். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் சொல்லும் விதியும் இதேதான்: வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு. "இதில் பை எங்கே டீச்சர்?" என்று கேட்டார்கள். சுற்றளவுக்குள் ஒளிந்திருக்கிறது என்றேன்.

கூம்பில்தான் சுவையான தவறு வரும். ஒரே அடியும் ஒரே உயரமும் உள்ள கூம்பையும் உருளையையும் காட்டி, எத்தனை கூம்பு மணல் கொட்டினால் உருளை நிரம்பும் என்று கேட்டால், பெரும்பாலோர் இரண்டு என்பார்கள். காரணமும் சொல்வார்கள்: முக்கோணம் செவ்வகத்தில் பாதி, ஆகவே கூம்பும் பாதி. இதைக் கேட்டுச் சிரிப்பவர்களை நான் விடுவதில்லை. 499இல் ஆரியபட்டர் எழுதிய விதியும், முக்கோண அடி கொண்ட பிரமிடின் கன அளவை அடிப்பரப்பு பெருக்கல் உயரத்தில் பாதி என்று சொல்வதாகவே பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். மூன்றில் ஒன்று என்ற சரியான விதியை 628இல் பிரம்மகுப்தர் தந்தார். ஆரியபட்டருக்குத் துணையாக ஒரு தவறு செய்திருக்கிறாய், வெட்கப்படாதே என்பேன்.

மணலைக் கொட்டினால் மூன்று என்று தெரியும். ஏன் மூன்று என்று மணல் சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும். 6 செ.மீ. சதுர அடி, உச்சி ஒரு மூலைக்கு நேர் மேலே 6 செ.மீ. உயரத்தில். இப்படி மூன்று பிரமிடுகள் செய்து சேர்த்தால் ஒரு முழுக் கனச்சதுரம் ஆகிவிடும். முதலில் சேராது. திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சேரும்போது ஒரு சிறு சத்தம் வரும், காகிதத்திலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும்.

கோளத்தின் மேற்பரப்பு எனக்கு எப்போதும் கடினம். கோளத்தைத் தட்டையாக விரிக்க முடியாதே. இந்த ஆண்டு கயிற்றால் செய்தோம். 7 செ.மீ. விட்டமுள்ள பந்தின் மேல் பாதியில் 2 மி.மீ. தடிமன் கயிற்றை உச்சியிலிருந்து நெருக்கமாகச் சுற்றி, பிறகு பிரித்து, அதே 3.5 செ.மீ. ஆரமுள்ள வட்டங்களுக்குள் சுருட்டி நிரப்ப வேண்டும். சரியாக இரண்டு வட்டம் நிரம்பும் என்பது எதிர்பார்ப்பு. ஆகவே முழுப் பந்துக்கு நான்கு வட்டம். இரண்டும் நிரம்பின. ஆனால் ஏறக்குறைய ஒரு சாண் கயிறு மிஞ்சியது. கை நடுக்கம், இடைவெளி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலை ஒருவன் வந்தான். பாதைக் கணக்கில் 74 என்று எழுதியவன். "கயிறு கோடு இல்லை டீச்சர். பந்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் நடு, பந்திலிருந்து 1 மி.மீ. வெளியே இருக்கிறது. நாம் 3.5 ஆரத்தைச் சுற்றவில்லை, 3.6 ஆரத்தைச் சுற்றியிருக்கிறோம்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டங்கள் இரண்டுக்கும் சுமார் 385 செ.மீ. கயிறு, பந்தின் மேல் சுமார் 407 செ.மீ. வித்தியாசம் 22. அளவுகோலை வைத்தோம். 21க்கும் 22க்கும் நடுவில் நின்றது.

மெல்லிய நூலாக இருந்தால் மிச்சமே வராது என்று சொல்லிவிட்டுத் தையல் நூல்கண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அன்று மாலை வீட்டில் அதையும் போட்டுப் பார்த்தேன். தடிமனில் பத்தில் ஒரு பங்கு உள்ள நூல் என்றால் வட்டங்களுக்கே 38 மீட்டருக்கு மேல் வேண்டும். மிச்சம் மட்டும் குறையவில்லை. அப்போதும் ஏறக்குறைய அதே 22 செ.மீ. தடிமன் அடிபட்டுப்போய், பந்தின் சுற்றளவு மட்டும் மீதமாக நிற்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.