விலாசம் மாறிய பாத்திரம்

போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து பங்காளி வீட்டு அண்ணன் போன் செய்தார். "என்ன ஆத்தா, ஆயா தவறிட்டாகளாம்ல? ஒரு வார்த்தை சொல்லலையே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயா, அதாவது என் பாட்டி, இறந்தது 2021இல். விளக்கிச் சொல்லி வைப்பதற்குள் தேவகோட்டையிலிருந்து இன்னொரு போன். மத்தியானத்துக்குள் மொத்தம் ஐந்து பேர் கேதம் கேட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். என் வலைப்பதிவில் எதை எழுதினாலும் அதன் ஓடையை, அதாவது அண்மைப் பதிவுகளைப் பிற நிரல்கள் படிக்கத் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பை, மணிக்கு ஒருமுறை படித்து, புதிதாக இருப்பதை மாஸ்டடான், ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளங்களிலும் டெலிகிராம் சேனலிலும் போடும் ஒரு சின்ன பைத்தான் நிரலை மகன் எழுதித் தந்திருக்கிறான். முதல் நாள் இரவுதான் தளத்தைப் புதிய முகவரிக்கு மாற்றியிருந்தேன். விடிவதற்குள் அந்த நிரல் பத்துப் பழைய பதிவுகளையும் இன்று எழுதியதுபோல் மூன்று இடத்திலும் வரிசையாகக் கொட்டிவிட்டது. என் வலைப்பதிவை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் ஓடையில் வழக்கமாகக் கடைசிப் பத்துப் பதிவுகள்தான் இருக்கும். தினமும் எழுதுகிறவருக்குப் பத்து என்றால் பத்து நாள். வருஷத்துக்கு இரண்டு, மூன்று எழுதுகிற எனக்கு அது ஆயாவின் சாவு வரைக்கும் போய்விட்டது.

நிரலைத் திட்டலாம் என்று பார்த்தால் தப்பு என்னுடையது. ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஜியுஐடி என்று ஓர் அடையாளம் உண்டு. எங்கள் பக்கத்தில் சீர் சாமான்களில் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகள், வெட்டுவோமே, அதே வேலைதான். பித்தளை அண்டா எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மூன்று எழுத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். நிரலும் பார்த்த விலாசங்களை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. கோப்பில் இருந்தால் பழசு, இல்லையென்றால் புதுசு. தலைப்பையோ தேதியையோ அப்போது அது பார்க்கவில்லை.

வேர்ட்பிரஸ் இந்த ஜியுஐடியை, பதிவு முதலில் எழுதப்பட்டபோது இருந்த முகவரியை வைத்தே உண்டாக்குகிறது. பார்க்க இணைப்பு மாதிரி இருந்தாலும் அது இணைப்பு இல்லை, வெறும் பெயர். தளம் எங்கே குடிபோனாலும் அதைத் தொடக்கூடாது என்று அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. டேட்டாபேஸ் முழுக்கப் பழைய முகவரியைத் தேடிப் புதியதாக மாற்று என்று ஒரே அடியாக அடித்துவிட்டேன். பத்து அண்டாவிலும் பழைய எழுத்தை ராவிவிட்டுப் புது எழுத்து வெட்டிய கதை. நிரல் பாவம், புதுச் சாமான் வந்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. மாற்றும்போது ஜியுஐடி இருக்கும் நெடுவரிசையை மட்டும் விட்டுவிடச் சொல்ல வசதி இருக்கிறது என்று மகன் அப்புறம் சொன்னான். அப்புறம்தான் எல்லாரும் சொல்வார்கள்.

பழைய ஜியுஐடிகளைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டுவிட்டோம். கூடவே ஒரு பூட்டும் போட்டிருக்கிறான்: ஒரே தடவையில் இரண்டுக்கு மேல் புதியது வந்தால் எதையும் போடாமல் எனக்குச் செய்தி அனுப்பும். பதிவின் தேதி ஒரு வாரத்துக்கு முந்தையது என்றாலும் போடாது.

அதே சாக்கில் இன்னொரு பழைய தொல்லையையும் தீர்த்துக்கொண்டேன். ப்ளூஸ்கையில் 300 எழுத்துதான் இடம், மாஸ்டடானில் வழக்கமாக 500. அதனால் நிரல் முதல் பத்தியை வெட்டித்தான் போடும். ஆனால் பைத்தானுக்கு நம் எழுத்துக் கணக்குத் தெரியாது. 'ம்' நமக்கு ஓர் எழுத்து, அதற்கு ம ஒன்று, புள்ளி ஒன்று. ஒருமுறை 'கும்மாயம்' நடுவில் மாட்டி 'கும' என்று நின்றது. 'பால் பணியாரம்' வெறும் 'பால' ஆனது. இப்போது சொல் முடிகிற இடம் பார்த்து வெட்டுகிறது.

முகநூலில் மட்டும் நானே கையால் ஒட்டுகிறேன். 2018 ஆகஸ்டிலிருந்து வெளி நிரல்கள் தனிநபர் பக்கத்தில் பதிய முடியாது. எனக்கு அது வருத்தமும் இல்லை, அங்கே யாருக்கு என்ன சொல்வது என்று பார்த்துத்தான் போட வேண்டும். முழுக் கட்டுரையையும் வேறு தளத்தில் போடுவதென்றால், மூலம் என் பக்கம்தான் என்று சொல்லும் கேனானிகல் குறியை வைக்க விடுகிற இடமாக இருந்தால்தான் கொடுப்பேன். இல்லையென்றால் தேடுபொறி நகலைத்தான் முன்னால் காட்டும் அபாயம் உண்டு.

2013இல் ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோது ஆர்எஸ்எஸ்ஸுக்கும் இப்படித்தான் கேதம் கேட்டார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஈப்போ அண்ணனுக்கும் ஓர் ஓடைவாசிப்பானைப் போனில் நிறுவிக் கொடுத்திருக்கிறேன், அதில் தேதி பளிச்சென்று தெரியும்.

அண்ணே, அடுத்த மணிக்கு இந்தப் பதிவும் வந்து சேரும். ஆயா பேர் இருக்கிறது என்று மறுபடி போன் போட்டுவிடாதீர்கள்.