கஸ்டர்டுக்குக் கரை கட்டுங்கள்: பேக்கரி செய்முறைத் தேர்வில் நான் பட்ட பாடு

முதல் முறை எழுதிய பேக்கரி டிப்ளமோ செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது மூன்றடுக்கு வெனிலா கேக், நடுவில் கஸ்டர்ட். மே மாத மதுரை. ஃபேன் அனலைத்தான் இறக்கியது. தேர்வாளர் கத்தி வைத்ததும் மேலடுக்கு சரிந்து, கஸ்டர்ட் பாயசமாகத் தட்டில் ஓடிவிட்டது. ஸ்பாஞ்ச் கேக் நன்றாகத்தான் வந்திருந்தது, யார் பார்த்தார்கள்?

ஸ்பாஞ்சை ஓவனில் வைத்த பிறகு கஸ்டர்டைத் தொடங்கியதுதான் தப்பு. ஆற நேரமில்லை. ஃப்ரீசரில் வைத்தேன். ஓரம் உறைந்தது, நடு சுட்டது. சோளமாவுக் கூழ் உறைந்து இளகினால் தண்ணீர் விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆகவே கஸ்டர்டை முடித்துவிட்டு மைதாவைத் தொடுங்கள்.

என் அளவு: அரை லிட்டர் பால், 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் சோளமாவு, இறக்கியதும் 30 கிராம் வெண்ணெய். கரு, சர்க்கரை, மாவு மூன்றையும் குழைத்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். கெட்டியானதும் முட்டை திரிந்துவிடுமோ என்று பயந்து இறக்கிவிடுவோம். மாவு சேராத கஸ்டர்டுக்கு அந்தப் பயம் நியாயம், 85 டிகிரிக்கு மேல் போனால் திரியும். மாவு இருந்தால் அது கருவைக் காப்பாற்றும். கொப்புளம் வந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி உண்டு. கொதியில் அது அடங்காவிட்டால் மாவைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் ராத்திரி கெட்டியாக வைத்த கஸ்டர்ட் காலையில் ரசமாகக் கிடந்தது, அம்மா பால்காரரைத் திட்டினார். இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வில் கேட்டதும் இதைத்தான்.

இறக்கியதை அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஆடை படியாமல் மேலேயே ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, ஐஸ் தண்ணீர்மேல் வையுங்கள். சீக்கிரம் ஆறும், பிறகு ஃப்ரிட்ஜ்.

அடுக்கும்போது ஓரத்தில் விரல் பருமனுக்குப் பட்டர்கிரீமால் கரை கட்டி, உள்ளே அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் கஸ்டர்டை நிரப்புங்கள். பிட்டுக்கு மண் சுமந்த சிவனின் ஊர்க்காரர்களுக்குக் கரை அடைக்கச் சொல்லித் தர வேண்டுமா என்ன! ஆனால் அவர் மாதிரி பாதியில் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. சின்ன இடைவெளி போதும், அங்கேதான் பிதுங்கும்.

கஸ்டர்டைக் கெட்டியாக்கச் சிலர் ஜெலட்டினை நம்புவார்கள். நம் வெயிலில் அது இளகிவிடும். ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசி சூட்டைத் தாங்கும், ஆனால் கிரீம் வழவழப்பு போய் நறுக்கென்று உடையும். எனக்குப் பிடிக்கவில்லை. கஸ்டர்ட் பவுடரில் முட்டையே கிடையாது, அதனால் நொதித் தொல்லை இல்லை. டப்பாவில் போட்ட அளவு கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடத்தான். அடுக்குக்கு இன்னும் கெட்டியாக வேண்டும்.

இரண்டாம் முறை துண்டு நிமிர்ந்து நின்றது. மீதியைத் திருமங்கலம் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைதான். அந்த வெயிலில் பால் முட்டைக் கஸ்டர்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதால், வாசலிலேயே வெட்டி எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன்.