பூச்சிகளின் உறங்குநிலை: பரீட்சையில் நான் விட்ட பிழையும் திருத்திய விதமும்

விலங்கியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில், பூச்சிகளின் உறங்குநிலை பற்றிய கட்டுரை வினாவுக்கு மூன்று பக்கம் எழுதியும் பாதிப் புள்ளிகூட எனக்குக் கிடைக்கவில்லை. குளிரில் உறங்குவது ஒன்று, வெப்பத்தில் உறங்குவது மற்றொன்று என்று பருவத்தை வைத்துப் பிரித்திருந்தேன். வினா கேட்டதோ பூச்சியின் உடலுக்குள் நடப்பதை.

பிரித்தறிய வேண்டியவை இரண்டு. பாதகமான நிலை வந்த பின் வளர்ச்சி நின்று, அது நீங்கியதும் தொடருமாயின் அது வெறும் ஓய்வுநிலை. பாதகம் வருவதற்கு முன்னரே, பகற்பொழுதின் நீளம் போன்ற ஓர் அறிகுறியை உணர்ந்து, ஓமோன்களின் கட்டுப்பாட்டில் வளர்ச்சி நிறுத்தப்படுமாயின் அதுவே டயபோஸ்; சூழல் சீரானாலும் பூச்சி அதிலிருந்து உடனே விழிப்பதில்லை. வட அமெரிக்காவின் செக்ரோப்பியா அந்துப்பூச்சியில், கூட்டுப்புழு நீண்ட குளிரைக் கடந்த பின்னரே மூளையின் ஓமோன் முன்மார்புச் சுரப்பியைத் தூண்டி, தோலுரித்தலைத் தூண்டும் ஓமோனான எக்டைசோனைச் சுரக்கச் செய்து, வளர்ச்சியை மீளத் தொடக்குகிறது. பட்டுப்புழுவிலோ, தாய் முட்டைக்குள் இருந்த காலத்தில் பெற்ற வெப்பமும் ஒளியும், அவள் பின்னர் இடும் முட்டைகள் உறங்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. இது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இவற்றை மனனம் செய்துவிடலாம். ஆனால் பனியையே கண்டிராத, இலங்கையின் வன்னிப் பிள்ளைக்கு அவை மனதில் தங்குவதில்லை. ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் எங்களுக்கு, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலமளவே வித்தியாசம். இங்கே பருவத்தைப் பிரிப்பது மழை. ஆகவே ஈரம் சார்ந்த உதாரணங்களைத் தேடினேன். ஆவணியில் வேலியோரம் கிடந்த சிரட்டை ஒன்றைக் கைவில்லையால் பார்த்தபோது, முன்னர் தண்ணீர் நின்ற மட்டத்தில் நுளம்பு முட்டைகள் கரும்புள்ளிகளாக ஒட்டியிருந்தன. கிணற்றுத் தண்ணீர் வார்த்து, வலைத்துணியால் இறுகக் கட்டி வைத்தேன். மறுநாள் காலையில் குடம்பிகள் நெளிந்தன. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்தி நுளம்பின் முட்டைக்குள் முளையம் முழுமையாக விருத்தியடைந்து, உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் காத்திருந்து, நனைந்ததும் பொரிக்கக்கூடியது என்பதால் அது ஓய்வுநிலை. அதன் நெருங்கிய இனமான ஈடிஸ் அல்போபிக்டஸிலோ, குளிர்நாடுகளில், இலையுதிர்காலக் குறும்பகலைத் தாய் உணர்ந்து இடும் முட்டைகள் நனைந்தாலும் பொரிக்காதிருப்பதால் அது டயபோஸ். இந்த இரண்டையும் அருகருகே வைத்து எழுதினால் வேறுபாடு தானாகவே துலங்கும்.

தமிழ்நாட்டின் மானாவாரி நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் பல மாதம் கிடந்து மழையோடு அந்துப்பூச்சியாக வெளிவருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்கு ஊரும் தம்பலப்பூச்சியை மட்டும் எழுதிவிடாதீர்கள். பெயரில் பூச்சி இருந்தாலும் அதற்கு எட்டுக் கால்கள், அது உண்ணியினத்தைச் சேர்ந்தது.

சிரட்டைச் சோதனையைச் செய்து பார்ப்பவர்கள், மூன்றாம் நாளுக்குள் தண்ணீரை வெயில் படும் மணலில் ஊற்றி, உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பொரிக்காத முட்டைகள் அதிலேயே ஒட்டியிருந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.