பென்சில் கோடு

தர்மபுரி நூலகத்தில் இன்று எடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொகுப்பில் ஒரே ஒரு பத்திக்குக் கீழே பென்சில் கோடு.

துப்பறியும் ஹோம்ஸின் நண்பர் வாட்சனின் தொடையில் குண்டு உரசிப் போகிறது. ஹோம்ஸின் கண் கலங்குகிறது, உதடு நடுங்குகிறது. இந்த அன்பைத் தெரிந்துகொள்ள எத்தனை காயமும் படலாம் என்கிறார் வாட்சன்.

அழுத்திப் போட்ட கோடு. தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுகிறது.

கதையை எழுதிய கானன் டாயில் நட்பென்று நினைத்தே எழுதியிருக்கலாம். கதை வந்தது 1924இல். ஆணும் ஆணும் உறவு கொள்வது இங்கிலாந்தில் 1967 வரை குற்றம், நம் நாட்டில் 2018 வரை.

ஹாரி பாட்டர் கதைகளில் வரும் தலைமையாசிரியர் டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்று அவற்றை எழுதிய ரவுலிங் சொன்னதும் 2007இல், ஏழு புத்தகமும் வந்த பிறகுதான்.

சரி, அவர்கள் நினைத்தது அவர்களோடு. இங்கே யாரோ ஒருவர் தன்னைக் கண்டுகொண்டு கோடு போட்டிருக்கிறார்.

அந்தக் கோட்டை நான் அழிக்க மாட்டேன்.