மயங்கிய புழுவும் செத்த புழுவும்

விதைப்பதற்கு முன் விதையில் பூசும் விதைநேர்த்தி மருந்தைச் சோதிக்கும் லேபில் கணக்கு கெடுவது பெரும்பாலும் மருந்தை அளக்கும்போது அல்ல. புழு செத்துவிட்டது என்று நோட்டில் எழுதும்போதுதான். இலைப்புழு என்றால் சுருண்டு விழுந்தது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் இருக்கிற புழுவைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். தோண்டும்போது அசையாமல் கிடந்தால், செத்தது என்று எழுதக் கை பரபரக்கும்.

இமிடாக்ளோப்ரிட், தயமெத்தாக்சம், குளோத்தியானிடின் மூன்றும் நியோநிகோட்டினாய்டுகள் என்ற பூச்சிமருந்து வகை. நரம்பில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தில் இவை உட்கார்ந்துகொள்ளும். புழு முதலில் நெளிந்து துடிக்கும், பிறகு முடங்கும். கனடாவில் இந்த மருந்துகளால் நேர்த்தி செய்த கோதுமை விதையை, மண்ணுக்குள் விதையையும் வேரையும் தின்னும் கம்பிப்புழுவுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், முடங்கிய புழுக்களில் பல, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அப்படியே கிடந்துவிட்டு எழுந்து தின்னத் தொடங்கின. பயிர் தப்பியது, புழுவும் தப்பியது. பழைய பூச்சிமருந்தான லிண்டேன் புழுவைக் கொன்றது. எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களை ஒழிக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009-ல் ஏறியதோடு அதன் காலம் முடிந்தது. ஃபிப்ரோனில் என்ற வேறு வகை மருந்தும் கொல்லும், ஆனால் மெதுவாக. ஏழாம் நாளோடு கணக்கை மூடினால் ஃபிப்ரோனிலுக்குக் குறைவான மதிப்பெண்ணும் நியோநிகோட்டினாய்டுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் விழும்.

சென்னையைச் சுற்றி இதைப் பார்க்கத் தோதான பயிர் வேர்க்கடலை, தோதான பூச்சி வெள்ளை வேர்ப்புழு, வேரைத் தின்னும் ஒரு வண்டின் புழு. புழுவை எருக்குழியில் பொறுக்கிவரக் கூடாது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு; அது மட்கியதைத் தின்னும், கடலை வேரைத் தேடாது. வயலில், வாடிய செடிக்கு அடியில்தான் தோண்ட வேண்டும்.

செம்மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கோப்பைக்கு 200 கிராம் போட்டு, 20 முதல் 24 மில்லி தண்ணீர் கலக்கலாம். விதை 4-5 செ.மீ. ஆழத்தில். கோப்பைக்கு ஒரே புழு. இரண்டு போட்டால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், அந்தச் சாவும் மருந்தின் கணக்கில் ஏறும். மண்ணின் மேல் விட்ட புழு கால் மணி நேரத்தில் உள்ளே இறங்காவிட்டால் அதை மாற்றிவிடுங்கள், தோண்டும்போதே அடிபட்டது அது. நம் ஊரில் ஏசி போடாமல் கோப்பைகளை 27 டிகிரியில் நிறுத்த முடியாது. ஏசியோ மண்ணைக் காயவைத்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் கோப்பையை எடைபோட்டுக் குறைந்த தண்ணீரைச் சேர்க்காவிட்டால், மருந்தில்லாத கோப்பையிலும் புழு சாகும். அந்தச் சாவு 20 சதவீதத்தைத் தாண்டினால் சோதனையையே தள்ளிவிடுவது வழக்கம். அதற்குக் கீழே இருந்தால் மருந்தில்லாமலே நேரும் சாவைக் கழிக்க 1925-லிருந்து புழங்கும் அபாட் சூத்திரத்தால் திருத்திக்கொள்ளலாம்.

செத்ததா, மயங்கியதா? நுனி மெல்லிய பிரஷ்ஷால் வாயோரத்தைத் தொட்டு, லென்ஸ் வழியாகத் தாடையையும் கால் நுனியையும் பாருங்கள். மயங்கிய புழு கெட்டியாகவும் வெண்ணெய் நிறத்திலும் இருக்கும். தாடை லேசாகத் துடிக்கும். செத்தது கறுத்துத் தளர்ந்து, தொட்டால் அமுங்கும். மேலே பச்சை மாவு படர்ந்திருந்தால் பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை, வயலிலிருந்தே வந்தது. அதையும் மருந்தின் வெற்றியாக எழுதியவர்கள் உண்டு. மயங்கியதற்கு நோட்டில் தனிக் கட்டம் போட்டு, மருந்தில்லாத மண்ணுக்கு மாற்றி, முளைத்த கடலையை வைத்து இன்னும் நான்கு வாரமாவது பார்க்க வேண்டும்.

கரையானைத் தனித்தனியாக எண்ணிப் பயனில்லை, கூட்டமாகத்தான் வைக்க வேண்டும். பூச்சியை விரட்டவும் செய்யும் பைரெத்ராய்டு வகை மருந்து பூசிய விதையைச் சுற்றிக் கரையான் வழி மாற்றிப் போகும். விதை பிழைத்ததைப் பார்த்துக் கரையான் ஒழிந்தது என்று எழுதிவிடக் கூடாது.

வயலுக்கு வருவோம். 600 எஃப்எஸ் (விதையில் பூசும் திரவ வடிவம்) இமிடாக்ளோப்ரிட் ஒரு மில்லியில் 0.6 கிராம் மருந்து இருக்கிறது. கிலோ விதைக்கு 2 மில்லி கலந்தால், கிலோவுக்கு 2,500 பருப்பு என்ற கணக்கில், ஒரு பருப்புக்கு அரை மில்லிகிராம்கூட வராது. (கணக்குக்குச் சொன்ன அளவு இது, கலக்க வேண்டியது லேபிளில் உள்ளபடி.) அதிலும் பெரும்பங்கு செடிக்குள் ஏறாமல் மண்ணிலேயே தங்கிவிடும். இமிடாக்ளோப்ரிட் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் தண்ணீரில் கரையக்கூடியது. மணல்பாங்கான நிலத்தில் ஒரு கனமழை பெய்தால் விதையை விட்டுக் கீழே இறங்கிவிடும். முதல் மழைக்குக் கிளம்பிய வண்டு இட்ட முட்டையிலிருந்து வரும் சின்னப் புழுவுக்கு இந்த மருந்து போதும். வேரையே அறுக்கிற மூன்றாம் பருவப் புழு (இருமுறை தோலுரித்து வளர்ந்தது), விதைத்து ஒன்றரை மாதம் கழித்து வந்தால் போதாது. அதற்காகப் பாட்டிலைக் கூடுதலாகச் சாய்த்தால், ஈரம் மிகுந்து கடலைத்தோல் சுருங்கி உரிந்து முளைப்புதான் கெடும்.

அறுவடையில் புழு உயிரோடு வருகிறதே, மருந்து போலியா என்று விவசாயிகள் கேட்பார்கள். போலியாகவும் இருக்கலாம், ஆனால் உயிரோடிருக்கும் புழு அதற்குச் சாட்சி ஆகாது. விதைக்கும்போதே இரண்டு வரிசையை நேர்த்தி செய்யாமல் விட்டு, இருபதாம் நாளிலும் அறுபதாம் நாளிலும் இரண்டு பக்கமும் செடியை எண்ணச் சொல்ல வேண்டும். இருபதில் வித்தியாசம் தெரிந்து அறுபதில் மறைந்தால், மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, பிந்தி வந்த புழுவுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இருபதிலேயே வித்தியாசம் இல்லாவிட்டால், அந்த வயலில் புழு உண்மையிலேயே இருந்ததா என்று தோண்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் பாட்டிலைச் சந்தேகப்படலாம்.