தண்ணி எவ்வளவு ஏறியிருக்கும்

பிப்ரவரி 9
இரவெல்லாம் அப்பாவுக்கு இருமல். விடியற்காலை கோலார் தங்கவயலிலிருந்து ஏறிய ரயிலில் பங்காருப்பேட்டை தாண்டும்போதும் அது காதிலேயே இருந்தது.

பிப்ரவரி 12
பரணிலிருந்து அப்பாவின் டைரிகளை இறக்கினேன். டாக்டர் ஆஸ்துமா என்றே எழுதிக்கொண்டிருக்கிறார். சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோய் என்று எழுத, தங்கச் சுரங்கத்துக்குள் எத்தனை வருஷம் என்று ஆதாரம் காட்ட வேண்டுமாம். ஒரு பக்கத்தில்: "நைட் ஷிஃப்ட். கிஃபோர்ட் ஷாஃப்ட். இரண்டு குலுக்கல். அரிசி 5 கிலோ." ஆழத்தில் பாறை வெடிக்கும் ராக் பர்ஸ்ட்டும் அரிசியும் ஒரே வரியில். குலுங்கினால் தொழிலாளர் லைன் வீட்டுச் சட்டிபானை எல்லாம் ஆடும், அம்மா செருப்புகூடப் போடாமல் சுரங்க வாசலுக்கு, ஷாஃப்டுக்கு ஓடுவாள். அதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

பிப்ரவரி 14
"தண்ணி எவ்வளவு ஏறியிருக்கும்?" மறுபடி. சுரங்கத்துத் தண்ணியை இறைக்கும் பம்பை நிறுத்தியதிலிருந்து இதே கேள்விதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், எனக்கு எப்படிப்பா தெரியும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிப்ரவரி 17
ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய், ஆக்சிஜன் மெஷின் கத்த ஆரம்பித்து, நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சிலிண்டரைத் திருகினால் திருகு சுற்றவே மாட்டேன் என்கிறது, இவர் மூக்கில் குழாயோடு சிரிக்கிறார். "1902லயே சிவசமுத்திரத்துலேர்ந்து நமக்குக் கரண்ட் வந்துச்சு. பெங்களூருக்கே அப்புறம்தான்." சரிப்பா. வந்தது சுரங்கத்துக்கு. நம் லைனில் எப்போது பல்பு எரிந்தது என்று பாட்டி இருந்தால் கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 18
காற்று. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி. ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினேன்.

பிப்ரவரி 23
தண்ணி.

பிப்ரவரி 28
சுரங்கத்தை மூடிய நாள். 2001 டைரியில் இந்தத் தேதியை நடுங்கிக்கொண்டேதான் புரட்டினேன். "கேஸ் சிலிண்டர் வந்தது. பெல்ட் வீட்டிலேயே இருக்கட்டும்." அவ்வளவுதான். பேட்டரி விளக்கு மாட்டும் அந்த பெல்ட்டால்தான் டைரிப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தோம். பக்கிளில் இன்னும் சாம்பல் நிற மண். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 2
கஞ்சி இரண்டு ஸ்பூன்.

மார்ச் 3
காலையிலிருந்து தண்ணியைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மெஷின் பாட்டிலில் குமிழி மட்டும் வருகிறது. நானே கேட்டேன், எவ்வளவு ஏறியிருக்கும்பா என்று. கையை மார்புவரை தூக்கிக் காட்டினார். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.