எண்ணெய் பிரியும் நேரம்

துபாயில் ஒரு நட்சத்திர ஓட்டலில் கமியாக, அதாவது கடைநிலைச் சமையல்காரனாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். எனக்கு வேலை இந்தியச் சமையல் பிரிவில். ரமலான் மாதம், இப்தார் விருந்துக்கு ஆள் போதவில்லை என்று பக்கத்து அடுப்பில் நின்ற ஈரானியருக்கு உதவப் போகச் சொன்னார்கள். அவருக்கு ஊர் ரஷ்ட், காஸ்பியன் கடல் பக்கம் இருக்கும் கிலான் மாகாணத்துத் தலைநகர். ஆங்கிலம் அவருக்கும் குறைவு, எனக்கும் குறைவு.

அகலமான சட்டியில் கருஞ்சிவப்பாக ஒரு குழம்பு. கொதிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று குமிழி உடைந்துகொண்டிருந்தது. "ஃபெசன்ஜான்" என்றார். மாவாக அரைத்த அக்ரூட், சுண்டக் காய்ச்சிய மாதுளைப் பாகு, கோழி. அவ்வளவுதான் பொருள். மேலே எண்ணெய் ஏடு கட்டி நின்றது.

எங்கள் பிரிவில் விருந்தினர் கிண்ணத்தில் எண்ணெய் மிதந்தால் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில், கேட்காமலேயே ஒரு கரண்டியை எடுத்து எண்ணெயை வழித்து ஊற்றிவிட்டேன். மனிதர் திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை. என் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார். மூன்று மணி நேரம். பிறகு எண்ணெய் ஜாடியைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தச் சட்டியில் அவர் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றியிருக்கவில்லை. அக்ரூட் தன்னிடம் இருந்ததை மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு வெளியே விட்டிருந்தது. அதைத்தான் நான் வழித்துக் கொட்டியிருந்தேன்.

அன்று இரவு படுக்கையில் நினைத்துக்கொண்டே இருந்தேன். இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. வீட்டில் குருமா கொதிக்கும்போது அம்மா கொல்லையிலிருந்து குரல் கொடுப்பாள்: "எண்ணெ பிரிஞ்சிதா பாரு, பிரிஞ்சிருந்தா எறக்கிடு." தெரிந்த ஒன்றை வேறு நாட்டுச் சட்டியில் பார்த்தபோது அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு எந்த நாட்டுச் சமையல்காரர் வந்தாலும் அவர் கொட்டைப் பருப்பை எப்படிக் கையாள்கிறார் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மலேசியாவிலிருந்து வந்த ஒருவர் ரெம்பா என்ற அரைத்த மசாலாவைத் தாளிக்கும்போது "பெச்சா மின்யாக்" என்பார். எண்ணெய் உடைகிறது என்று பொருள். வெங்காயம், மிளகாயோடு அவர் புவா கெராஸ் என்ற கொட்டையையும் சேர்த்து அரைப்பார். அதைப் பச்சையாகத் தின்னக்கூடாது, வயிற்றைப் புரட்டும். நன்றாக வதங்க வேண்டும். எண்ணெய் உடைவதுதான் வதங்கியதற்குச் சாட்சி. கானாவிலிருந்து வந்த பையன் இங்கே எல்லோருக்கும் பிடித்த அவன் ஊர் நிலக்கடலைச் சாற்றை வைப்பான், 'ன்கட்டென்குவன்' என்று பெயர். வறுத்து அரைத்த கடலை விழுதைத் தக்காளியோடு கிளறிக்கொண்டே இருப்பான். ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் ஊறிய பிறகுதான் தண்ணீர் விடுவான். அவன் பேச்சில் 'ன்கட்டே' என்றால் கடலை. எங்கள் ஊரில் அதற்கு மல்லாட்டை என்றேன். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென்னமெரிக்கச் செடி, அவன் ஊருக்கு ஒரு கடல் வழியாகவும் எங்கள் ஊருக்கு வேறொரு கடல் வழியாகவும் வந்து, எங்கள் பக்கம் மணிலாவின் பெயரையும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

எனக்குப் பண்ருட்டி பக்கம் என்று சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. கானாவில் விளையும் முந்திரிக்கொட்டை கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது என்று அவனுக்குத் தெரியும். எங்கே போய் உடைபடுகிறது என்றுதான் தெரியாது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மூட்டைகளை எங்கள் ஊரில் உடைக்கிறார்கள், என் அம்மாவும் உடைத்திருக்கிறாள் என்றேன். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். பெண்கள் கையில் விளக்கெண்ணெயோ சாம்பலோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்துப்போகும். பிறகு உரித்துத் தரம் பிரிப்பது. 320 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்க வேண்டும். அம்மா எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாலே சொல்லிவிடுவாள்.

ஆறிய உணவுகளைச் செய்யும் குளிர் அடுக்களை வேறு உலகம். அங்கே ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். அக்ரூட்டை அரைத்து, கையாலேயே பிசைந்து பிழிவார். தேன் நிறத்தில் எண்ணெய் சொட்டும். அதைத் தனியாகக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். மிச்ச விழுதில் பூண்டு, கொத்தமல்லி, அவர்கள் ஊர் வெந்தயம், காய்ந்த செண்டுமல்லி இதழ், கொஞ்சம் வினிகர் சேர்த்து நீர்க்கக் கரைத்தால் ஒரு சாறு. வான்கோழிக்கறியைப் போட்டு ஆறவைத்தால் சாத்சிவி. 'சிவி' என்றால் அவர்கள் மொழியில் குளிர்ச்சி. பரிமாறும் நேரத்தில் முதலில் எடுத்து வைத்த எண்ணெயை மேலே சொட்டுச் சொட்டாகத் தெளிப்பார். ஈரானியர் மூன்று மணி நேரம் காத்திருந்து வாங்கியதை இவர் கையால் பிழிந்து வாங்கினார். எனக்கு இரண்டுமே ஒரே வேலையாகத்தான் தெரிந்தது.

அதே மேசையில்தான் இதற்கு நேர் எதிரானதையும் கற்றேன். ஸ்பெயினின் தென்பகுதியில் அகோ பிளாங்கோ என்று ஒரு வெள்ளைச் சாறு உண்டு. தோலுரித்த பாதாம், நேற்றைய ரொட்டி, பூண்டு, வினிகர், ஆலிவ் எண்ணெய். அடுப்பே ஏற்றுவதில்லை, திராட்சை போட்டுக் குளிரக் குடிக்கிறார்கள். இதில் எண்ணெய் பிரிந்தால் மொத்தமும் வீண். பாதாம் எண்ணெயை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மிக்சியைச் சூடேற விட்டு இரண்டு முறை திரிந்துபோக விட்டேன். பாதாமை முதல் நாளே ஊறவைத்து, தண்ணீரைப் பனிக்கட்டி போட்டுக் குளிர்வித்து, எண்ணெயை நூல் போல விட்ட மூன்றாவது முறைதான் பால் மாதிரி வந்தது. வாயில் வைத்ததும் கண் கலங்கியது. எங்கள் ஊர்க் கோடைக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்றுதான் தோன்றியது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் அரைகுறை.

ஆறாவது வருஷம், சிடிபி ஆகியிருந்தேன், அதாவது ஒரு அடுப்புக்குப் பொறுப்பான சமையல்காரன். பட்டர் சிக்கனுக்கான மக்கனி கிரேவி தினமும் காலையில் என் பொறுப்பு. வெண்ணெய், தக்காளி, ஊறவைத்து அரைத்த முந்திரி. அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை இருப்பதால் குருமா வகைகளிலும் அந்த அளவுக்கும் சேர்த்து முந்திரியே போகும். எங்கள் பிரிவில் அது இல்லாத கிரேவி குறைவு.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நெரிசலான நேரம். பரிமாறும் பையன் ஜன்னலில் தலை நீட்டி, "ஷெஃப், பட்டர் சிக்கன்ல நட்ஸ் இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். யோசிக்காமல், கடாயிலிருந்து கண் எடுக்காமல் சொன்னேன்.

பத்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இரண்டு வாய் சாப்பிட்டதும் உதடு தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. தாய் கைப்பையிலிருந்து அட்ரினலின் ஊசியை எடுத்துப் பிள்ளையின் தொடையில் போட்டுவிட்டார். அதனால்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்கியது. மறுநாள் நலமாக வீடு திரும்பினாள் என்று செய்தி வந்தபோது நான் குளிர்சாதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏன் இல்லை என்றேன் என்று பல நாள் என்னையே கேட்டேன். அன்று காலை முந்திரியைக் கழுவி ஊறவைத்தது என் கை. பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. முந்திரி எனக்குப் பருப்பு. பாதாமும் பருப்பு, துவரையும் பருப்பு. நட்ஸ் என்று கேட்டால் என் மனதில் எழுந்தது குளிர் அடுக்களைக் கண்ணாடிக் குப்பிகளில் இருந்த அக்ரூட்டும் ஹேசல்நட்டும்தான். அரைத்துக் கிரேவியில் கரைந்துவிட்ட பிறகு முந்திரி ஒரு பொருளாகவே என் நினைவில் இல்லை; கெட்டித்தன்மையாக மாறியிருந்தது. முந்திரி உடைத்த காசில் வளர்ந்த பிள்ளை நான். எனக்கே அது கண்ணில் படவில்லை.

விசாரணையில் முதலில் பரிமாறிய பையன் மேல்தான் பழி போனது. அவன் கேட்டான், நான்தான் தவறாகச் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் அடுப்புப் பக்கம் விடவில்லை. அது சரியான தண்டனை.

அந்த இரண்டு மாதத்தில் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி விருந்தினருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதில் நிலக்கடலை தனி இனம், மரத்தில் காய்க்கும் கொட்டைகள் தனி இனம். நிலக்கடலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடலை ஆகாதவருக்குப் பாதாம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். முந்திரியும் பிஸ்தாவும் மாமரத்தின் குடும்பம். இவற்றில் ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது. ஆகவே "நட்ஸ் இருக்கா" என்று வரும் கேள்விக்கு எங்கள் பிரிவில் இப்போது ஆம், இல்லை என்ற பதில் கிடையாது. எந்தக் கொட்டை என்று திருப்பிக் கேட்போம். அதன் பிறகு மூடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்துச் சொல்வோம், நினைவிலிருந்து சொல்லமாட்டோம். சீட்டில் சிவப்பு மையில் ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் பெயர் இருக்கும். புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே முந்திரியைக் கையில் கொடுத்து, இதுவும் நட்ஸ், அரைத்த பிறகும் நட்ஸ் என்று சொல்கிறேன். சிலர் இது தெரியாதா என்பதுபோல் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கொட்டை ஆகாதவருக்கும் மக்கனி வேண்டுமே. மெக்சிகோக்காரர்கள் பிப்பியான் என்ற குழம்பைப் பூசணி விதையை வறுத்து அரைத்துத்தான் கெட்டியாக்குகிறார்கள். ஸ்பானியர் அங்கே கால் வைப்பதற்கு முன்பிருந்தே உள்ள முறை. அதைப் பார்த்து, தர்பூசணி விதைப் பருப்பை இரவெல்லாம் ஊறவைத்து அரைத்துச் செய்து பார்த்தேன். முந்திரியில் மாவுச்சத்தும் இருப்பதால் வழவழவென்று பிடித்துக்கொள்ளும். விதையில் அது குறைவு, நாக்கில் லேசாக மணல் தட்டும். துணியில் இரண்டு முறை வடிகட்டினால் சரியாகிவிடுகிறது. தனி மிக்சி, தனிக் கரண்டி, தனி அடுப்பு. அதிலும் கடைசியில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வருகிறது. வந்ததும் எனக்கு மனது லேசாகிறது.

போன விடுமுறையில் அம்மாவுக்கு ஒரு கிலோ அக்ரூட் வாங்கிக்கொண்டு போனேன். ஃபெசன்ஜான் வைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மாதுளைப் பாகும் பெட்டியில் வைத்திருந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு பருப்பை விரலுக்கிடையில் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோனாள். இதற்கு முன் அவள் அக்ரூட்டைப் பார்த்தது இல்லை.

"காறிப்போச்சு தம்பி" என்றாள்.

இல்லம்மா, நல்ல கடையில் வாங்கியது என்றேன். இன்னும் இரண்டை நசுக்கி என் மூக்கருகே நீட்டினாள். பழைய பெயிண்ட் வாடை, மெலிதாக. நூறு கிராம் அக்ரூட்டில் 65 கிராம் எண்ணெய். வெளிச்சமும் வெக்கையும் பட்டால் சீக்கிரம் காறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். கடையில் கண்ணாடி அலமாரியில் வெயில் விழுந்த இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்திருந்தேன்.

அம்மா முறத்தை எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக உடைத்து, முகர்ந்து, நல்லது ஒரு பக்கம், காறியது ஒரு பக்கம் என்று தள்ள ஆரம்பித்தாள். நல்லது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியது.

"இது போதுமா கொழம்புக்கு?"

போதும் என்றேன். அம்மியைக் கழுவப் போனாள்.